காலுக்குக் கீழே காணாமப் போன தரை!

எக்ஸாம் ஃபீஸ் கட்டியாச்சா? அரியர் லிஸ்ட்டைப் பார்த்து அழுதாச்சா? சரி, அந்த சோகத்தை கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு, என்கூட விழுப்புரத்துல ஒரு டிங்கரிங் பட்டறைக்கு வாங்க. இந்த வாரம் நம்ம 'பட்டறைப் பக்க'த்தோட ஹீரோ, வில்லன் எல்லாமே ஒருத்தர்தான். துரு! துறுதுறுனு இருக்கற பொண்ணைப் பத்தி இல்லை பாஸ்... நிஜமான, செங்கல் கலர்ல உதிருமே, அந்த துரு!

மேட்டர் இதுதான். திண்டிவனத்துல இருக்கற எங்க தாய்மாமாகிட்ட ஒரு மகிந்திரா பிக்கப் இருக்கு. 1994 மாடல். ஜீப்போட மூக்கு, பின்னாடி தொட்டி. சுருக்கமா சொன்னா, என்னைவிட சீனியர்! அதோட வேலை என்ன தெரியுமா? மரக்காணம் உப்பளத்துல மூட்டை ஏத்தி, திண்டிவனம் கொண்டு வந்து இறக்கறது. முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான் தூரம். ஆனா அந்த முப்பது கிலோமீட்டர்ல வண்டிக்கு நடந்த அநியாயம் இருக்கே... கேளுங்க.

வயசாயிடுச்சுனு மாமா வண்டியை விக்க முடிவு பண்ணினார் (வண்டிக்கு வயசாயிடுச்சா, அவருக்கா என்பது வேற விவாதம்). விழுப்புரத்துலேர்ந்து ஒருத்தர் பார்க்க வர்றதா சொன்னார். காய்கறி மார்க்கெட்டுக்கு ஓட்டப்போற பையன். என்னைவிட நாலஞ்சு வயசு அதிகம் இருக்கும். "மாப்ள, நீ மெக்கானிக்கல்தானே படிக்கற? வண்டியை பட்டறைல விட்டு லேசா பட்டி போட்டு, பளபளனு பெயிண்ட் அடிச்சு எடுத்துட்டு வா. வித்துடலாம்"னார் மாமா. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு கிளம்பிட்டேன்.

பட்டறை மேஸ்திரி ரொம்பப் பேசாத ஆளு. வண்டியைச் சுத்தி வந்தார். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். ரப்பர் மேட்டைத் தூக்கினார். ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தரைல லேசா ஒரு குத்து. சும்மா முறுக்கு உடையற மாதிரி 'கறுக்'னு ஒரு சத்தம். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. ஓட்டை வழியா பார்த்தா... கீழே பட்டறை மண்ணு தெரியுது!

"தம்பி, இந்த தரைலதான் உங்க மாமா சீட்டை போல்ட் போட்டு நிறுத்தியிருக்கு. பாத்துக்க"ன்னார்.

எனக்கு வேர்த்துடுச்சு.

உப்பு செய்யற தப்பு!

ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரில மின் வேதியியல் பாடம் ஞாபகம் இருக்கா? அதுல அரிமானம்னு ஒண்ணு வருமே... நாம 'இம்பார்ட்டன்ட் இல்லை'னு தாண்டிப் போனது! அது இப்போ ஸ்க்ரூ டிரைவரோட நம்மளைப் பார்த்து சிரிக்குது.

இரும்புத் தகட்டு மேல ஈரம் உட்கார்ந்தா, அந்த இடம் ஒரு குட்டி பேட்டரியா மாறிடும். ஒரு புள்ளில இரும்பு எலெக்ட்ரானை விட்டுட்டுக் கரையும். பக்கத்துப் புள்ளில, காத்துல இருக்கற ஆக்ஸிஜனும் தண்ணியும் அந்த எலெக்ட்ரானை வாங்கிக்கும். ரெண்டும் சேர்ந்து கடைசில துருவா முடியும். வெறும் தண்ணில இந்த மின்சாரம் மெதுவாத்தான் ஓடும். அதுல உப்பு கலந்தா ஹைவே போட்டுக் கொடுத்த மாதிரி! உப்புல இருக்கற குளோரைடு, இரும்பு மேல இருக்கற மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் உடைச்சிடும்.

இதைவிடக் கொடுமை என்னன்னா, காத்துல ஈரப்பதம் 75 சதவிகிதத்தைத் தாண்டினா உப்பு தானாவே ஈரத்தை உறிஞ்சி தண்ணியாகிடும். கடலோர ஊர்ல ராத்திரி நேரத்துல இது சர்வ சாதாரணம். அதாவது, மழையே பெய்யாட்டியும் மாமா வண்டியோட மேட்டுக்கு அடியில தினமும் உப்புத் தண்ணி ஸ்டாக் இருந்திருக்கு. ரப்பர் மேட் தரையைக் காப்பாத்துதுனு நாங்க நினைச்சோம். அது ஈரத்தைப் போர்வை போட்டுக் காப்பாத்தியிருக்கு!

இன்னொரு வில்லத்தனமும் உண்டு. துரு, தான் தின்ன இரும்பைவிட பல மடங்கு இடத்தை அடைக்கும். 2 மடங்குலேர்ந்து 6 மடங்கு வரைக்கும்! அதனாலதான் ரெண்டு தகடு ஒட்டியிருக்கற இடத்துல துரு பிடிச்சா, அப்பளம் மாதிரி உப்பி தகட்டையே பிரிச்சு விட்டுடுது.

இரும்பு துருப்பிடிக்கறது விதினு சோர்ந்துடாதீங்க. டெல்லி குதுப்மினார் வளாகத்துல இருக்கற இரும்புத் தூண் 1,600 வருஷமா மழைலயும் வெயில்லயும் நிக்குது. அந்த இரும்புல பாஸ்பரஸ் அதிகம். அது ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலத்தை உண்டாக்கி தூணைக் காப்பாத்துதுனு கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் ஆராய்ச்சி பண்ணிச் சொன்னார். நம்ம வண்டித் தகட்டுல அந்த வசதி இல்லை.

நம்ம தமிழ்நாட்டுலயே இதுக்குனு பெரிய இடம் இருக்கு. காரைக்குடில இருக்கற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். 1948-ல அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல திறந்தாங்க. அரிமானம் அவங்களோட முக்கியமான ஆராய்ச்சிகள்ல ஒண்ணு. மண்டபத்துல கடலோரத்துலயே அவங்களுக்கு ஒரு ஆய்வு மையம் இருக்கு. அங்கேயே ஏன்? பக்கத்துலதான் பாம்பன் பாலம். உலகத்துலயே அரிமானம் ரொம்ப அதிகமான இடங்கள்ல அதுவும் ஒண்ணு. 1914-ல திறந்த பழைய பாலத்துல 2022 டிசம்பரோட ரயிலை நிறுத்திட்டு, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் திறந்தாங்கன்னா, உப்புக் காத்துக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு.

பட்டி போட்டா பத்து நிமிஷம்... வெட்டி வெச்சா பத்து வருஷம்!

பட்டறைக்குத் திரும்புவோம். மேஸ்திரி ரெண்டு ரேட் சொன்னார். ஓட்டை மேல தகடு ஒட்டி, பட்டி போட்டு, பெயிண்ட் அடிச்சா எட்டாயிரம். ரெண்டு நாள் வேலை. பழசை வெட்டி எடுத்துட்டு, தரையும் ரெண்டு பக்க ரன்னிங் போர்டும் புதுசா வெச்சா இருபத்தாறாயிரம். ஒரு வாரம் ஆகும்.

(ரன்னிங் போர்டுனா கதவுக்குக் கீழே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல நீளமா ஓடுமே, அந்தப் பெட்டி. வெளிய பார்க்க ஒரு தகடு மாதிரி இருக்கும். உள்ளே காலி. சேறும் தண்ணியும் குடியிருக்க ஏத்த வீடு!)

மாமாவுக்கு போன் போட்டேன். "விக்கற வண்டிக்கு எதுக்குடா இருபத்தாறாயிரம்? பட்டி போட்டு எடுத்துட்டு வா!"னு ஒரே வரி. கட் பண்ணிட்டார்.

மேஸ்திரிகிட்ட சொன்னேன். அவர் ஒண்ணும் கோபப்படலை. "போட்டுத் தரேன் தம்பி. எனக்கு இன்னா? காசு குடுத்தா வேலை. ஆனா ஒண்ணு... வாங்க வர்ற பையன் உன் வயசுனு சொன்னியே? லோடு ஏத்திக்கினு வந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல சடன் பிரேக் அடிப்பான். அப்போ சீட்டு முன்னாடி போவுமா, அங்கியே நிக்குமானு நீ படிச்ச படிப்புல கணக்குப் போட்டுச் சொல்லிட்டுப் போ."

கணக்கு போட்டேன் பாஸ். நிஜமாவே போட்டேன். ஒரு தகடு வளையாம எதிர்த்து நிக்கற பலம் அதோட தடிமனோட மூணாவது அடுக்குல போகும். துரு தின்னு தகடு பாதியாயிட்டா, பலம் பாதியாகறதில்லை. எட்டுல ஒரு பங்காயிடும்! அதுலயும் ஓட்டை வேற. அதுக்கு மேல பட்டி பூசினா? பட்டி என்பது முகத்துல பவுடர் மாதிரி. பள்ளத்தை மறைக்கும். பாரத்தைத் தாங்காது. அடியில துரு இருந்தா, அது பாட்டுக்கு உள்ளே தின்னுக்கிட்டே இருக்கும். ஆறு மாசத்துல பெயிண்ட் கொப்புளிக்கும்.

திரும்ப மாமாவுக்கு போன். இந்த தடவை கணக்கைச் சொல்லலை. "மாமா, பத்து வருஷமா நீங்க எது மேல உட்கார்ந்து ஓட்டினீங்கனு போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க"ன்னேன். ரொம்ப நேரம் பதில் இல்லை. அப்புறம் அத்தைதான் எடுத்தாங்க. "அவர் ஒண்ணும் பேசமாட்டேங்கறார்ப்பா. வெட்டியே வெச்சிடுனு கையை ஆட்டறார்."

ஆபரேஷன் ஆரம்பம்!

ஸ்டடி லீவுல ஒரு வாரம் பட்டறைலயே கிடந்தேன். அங்க கத்துக்கிட்டதை வரிசையா தரேன். நோட்ஸ் எடுத்துக்கங்க, இது எக்ஸாமுக்கு வராது, வாழ்க்கைக்கு வரும்!

முதல் வேலை, வெல்டிங் இல்லை. கழட்டற வேலை. பேட்டரி வயர், சீட்டு, மேட், ஒயரிங், டீசல் டேங்க் எல்லாம் வெளியே. 'டீசல்தானே, பெட்ரோல் மாதிரி பத்திக்காது'னு அலட்சியம் கூடவே கூடாது. காலி டேங்க்ல இருக்கற ஆவி நிறைஞ்ச டேங்கைவிட ஆபத்து. பழைய வில்லிஸ் ஜீப்கள்ல டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலயே இருக்கும். அங்க தீப்பொறி விழுந்தா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க.

ரெண்டாவது, அளக்கறது. கதவைச் சாத்தி, சுத்தி இருக்கற இடைவெளியை எல்லா மூலைலயும் அளந்து சுவத்துல சாக்பீஸால எழுதினார் மேஸ்திரி. அப்புறம் கதவைக் கழட்டிட்டு, வாசலுக்குக் குறுக்கே ஆங்கிள் பட்டையை வெச்சு தற்காலிகமா பத்த வெச்சார். ஏன்னா, ரன்னிங் போர்டை வெட்டினதும் வாசல் லேசா வாயைப் பிளக்கும். அப்படியே புதுசை வெச்சுட்டா அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சாத்தாது. ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் வெட்டக்கூடாது என்பதும் இதனாலதான்.

மூணாவது, வெட்டறது. எது வரைக்கும்? துரு முடியற இடம் வரைக்கும் இல்லை. அதைத் தாண்டி, கிரைண்டர் வெச்சா வெள்ளி மாதிரி பளிச்னு தெரியற நல்ல இரும்பு வரைக்கும். நல்ல தகட்டுலதான் வெல்டிங் பிடிக்கும். துருவுல வெச்சா ஓட்டைதான் பெருசாகும். எங்க வண்டில ஒரு சாண் ஓட்டைனு ஆரம்பிச்சு, கடைசில முழு டிரைவர் பக்க தரையும் போச்சு! கீழே குறுக்கே தாங்கற சேனல்ல ஒண்ணும் போயிருந்தது. அதையும் மாத்தினாங்க. நல்லவேளை, சேஸிஸ் தப்பிச்சுது.

நாலாவது, தகடு. இந்தப் பழைய மாடலுக்கு ரெடிமேட் தரை எங்கே கிடைக்கும்? பழைய கல்யாண காலண்டர் அட்டையை வெட்டி, அந்த இடத்துல வெச்சுப் பார்த்து, மடிச்சு, திருத்தி... அட்டை சரியா உட்கார்ந்ததும் அதை அப்படியே 18 கேஜ் தகட்டுல வரைஞ்சாங்க. 18 கேஜ்னா 1.2 மில்லிமீட்டர். அதை பெண்டிங் மிஷின்ல மடிச்சு, நடுவுல நீளமா வரிப்பள்ளம் அடிச்சார் மேஸ்திரி. "அழகுக்கா?"ன்னேன். "தட்டையா விட்டா தவில் மாதிரி அடிக்கும் தம்பி"னார். வரிப்பள்ளம் விழுந்தா அதே தகடு பல மடங்கு விறைப்பாகுது. தகரக் கூரைல ஏன் வளைவு வளைவா இருக்குனு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சுது. ரெண்டு வருஷமா கிளாஸ்ல வராத ஞானம்!

அஞ்சாவது, வெல்டிங். சி.ஓ.2 வெல்டிங். நீளமா ஒரே இழுப்புல பத்த வெச்சா, சூட்டுல தகடு வாழை இலை மாதிரி சுருண்டுக்கும். அதனால பொட்டு வைக்கற மாதிரி இங்க ஒண்ணு, அந்தக் கோடில ஒண்ணு, திரும்ப இங்க ஒண்ணு. நடுவுல ஆற விடணும். கம்பெனில ஸ்பாட் வெல்டிங் பண்ணியிருந்த விளிம்புல, புதுத் தகட்டுல 8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள்ள வெல்டிங்கை நிரப்பினாங்க. ரன்னிங் போர்டு பூரா இப்படித்தான்.

உங்கள்ல யாராவது செய்யப்போனா ஒரு விஷயம்: துத்தநாகம் பூசின ஜி.ஐ. தகட்டை அப்படியே வெல்டிங் பண்ணாதீங்க. வர்ற வெள்ளைப் புகையை இழுத்தா ராத்திரி குளிர் ஜுரம் நிச்சயம். பூச்சை கிரைண்டர்ல எடுத்துட்டு, காத்தோட்டமான இடத்துல, மாஸ்க் போட்டுத்தான் செய்யணும்.

கடைசி வேலை, காப்பாத்தறது. ரெண்டு தகடு ஒட்டற இடத்துல வெல்டிங்குக்கு முன்னாடியே துத்தநாக பிரைமர். முடிச்சதும் ரெட் ஆக்ஸைடு. இணைப்புல எல்லாம் சீலர். அடியில கறுப்பு கோட்டிங். ரன்னிங் போர்டு உள்ளே மெழுகு ஸ்ப்ரே. நிறைய பேர் பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பாங்க. அது ரப்பர் புஷ்ஷையும் கெடுக்கும், சொட்டுற மண்ணையும் கெடுக்கும். ரொம்ப முக்கியம்: ரன்னிங் போர்டுக்கு அடியில தண்ணி வடியற ஓட்டைகள் இருக்கும். ஆர்வக் கோளாறுல அதையும் சீலர் வெச்சு அடைச்சுட்டா... நாமளே துருவுக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்த மாதிரி. நான் ஒண்ணை அடைச்சேன். தலைல ஒரு தட்டு வாங்கினேன். ஹிஹி!

நீங்க ஏமாறாம இருக்க நாலு டெஸ்ட்!

உங்க வீட்டுல யாராவது பழைய வண்டி வாங்கப் போறாங்களா? இதைக் கிழிச்சு பாக்கெட்ல வெச்சுக்கங்க.

ஒண்ணு: ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கற காந்தத்தை எடுத்துட்டுப் போங்க. ரன்னிங் போர்டு, சக்கர வளைவு, கதவு கீழ்விளிம்பு பூரா ஓட்டுங்க. இரும்புன்னா பிடிக்கும். கனமா பட்டி இருந்தா வழுக்கும்.

ரெண்டு: மேட்டைத் தூக்கச் சொல்லுங்க. 'அதெல்லாம் எதுக்கு சார்?'னு ஓனர் சிரிச்சா, அங்கதான் மேட்டர் இருக்கு.

மூணு: ஸ்க்ரூ டிரைவரோட கைப்பிடியால அடியில தட்டுங்க. நல்ல தகடு 'டங்'ங்கும். செத்த தகடு 'தொப்'பும்.

நாலு: டார்ச் அடிச்சு கீழே குனிஞ்சு பாருங்க. பேன்ட் அழுக்கானா பரவாயில்லை. ஜீப் டைப் வண்டிகளுக்கு தனியா சேஸிஸ் இருக்கறதால, ரன்னிங் போர்டு போனாலும் வண்டி நிக்கும். ஆனா மாருதி 800, ஆம்னி மாதிரி வண்டிகள்ல தனி சேஸிஸே கிடையாது. ரன்னிங் போர்டுதான் முதுகெலும்பு. அது துருவாயிட்டா அந்த வண்டிக்கு ஒரு பெரிய கும்பிடு!

'எஃப்.சி. கரன்ட்ல இருக்கு'ங்கறதை மட்டும் நம்பாதீங்க. லோடு வண்டிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். ஆனா மேட்டுக்கு அடியில உப்பு, ஒரு நாள்கூட லீவு போடறதில்லை.

அப்புறம் என்னாச்சு?

வண்டியைத் திண்டிவனம் கொண்டு போய் நிறுத்தினேன். அந்தப் பையன் வந்தான். கீழே குனிஞ்சு பார்த்தான். "வெல்டிங் பண்ணியிருக்கீங்களே, ஆக்ஸிடென்ட் வண்டியா?"ன்னான்.

எனக்கு தூக்கிவாரிப் போட்டுது! பட்டி போட்டு மறைச்சிருந்தா ஒரு கேள்வி வந்திருக்காது. ஒழுங்கா செஞ்ச வேலை கண்ணுக்குத் தெரியுது, சந்தேகம் வருது. இதுதாங்க உலகம்!

மாமா ஒண்ணும் பேசலை. வீட்டுக்குப் பின்னாடி போனார். ஒரு சாக்கை இழுத்துட்டு வந்து அவன் முன்னாடி கொட்டினார். வெட்டி எடுத்த பழைய தரை! (அதை இரும்புக் கடைல போட மேஸ்திரி விடலை. "எடுத்துனு போ, உதவும்"னு வண்டிலயே ஏத்தி விட்டார். ஏன்னு அப்பத்தான் புரிஞ்சுது.) "இதுல உட்கார்ந்துதான் தம்பி நான் இத்தனை வருஷம் ஓட்டினேன். உனக்கு இதைக் கொடுக்க வேணாம்னு இவன்தான் அடம்பிடிச்சான்"னு என்னைக் காட்டினார்.

அவன் ஒரு துண்டைக் கையில எடுத்தான். அது ரெண்டா உடைஞ்சுது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துட்டு, அப்படியே பேரத்தை ஆரம்பிச்சான். (அதை மட்டும் விடலை மனுஷன்!) கடைசில மாமா கேட்ட ரேட்ல அஞ்சாயிரம் குறைச்சு முடிஞ்சுது. செலவெல்லாம் கழிச்சா, பட்டி போட்டு வித்திருந்தா கிடைச்சிருக்கறதைவிட நிச்சயமா கம்மிதான். "உன் இன்ஜினீயரிங் எனக்கு எவ்ளோ செலவு வெச்சுது பார்த்தியா?"னு மாமா இப்பவும் பந்தில வெச்சு கலாய்க்கறார். ஆனா ஒண்ணு கவனிச்சேன். அந்தப் பையன் வண்டியை எடுத்துட்டு ரோட்டுல திரும்பற வரைக்கும் மாமா வாசல்லயே நின்னு, அவன் காலுக்குக் கீழேயேதான் பார்த்துக்கிட்டு இருந்தார்.

ஸோ மக்களே, இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. அப்பாவோட காரோ, சித்தப்பாவோட ஆட்டோவோ, பக்கத்து வீட்டு அண்ணனோட லோடு வண்டியோ... மேட்டைத் தூக்கி ஈரம் இருக்கானு தொட்டுப் பாருங்க. இருந்தா வெயில்ல காய வைங்க. அடியில இருக்கற ஓட்டைகளை ஒரு கம்பியால குத்தி மண்ணை எடுத்து விடுங்க. கடலோரம் போயிட்டு வந்தா நல்ல தண்ணில அடிப்பக்கத்தைக் கழுவுங்க. செலவு? ஒரு பக்கெட் தண்ணி!

அடுத்த வாரம் வேற ஒரு பட்டறைல சந்திப்போம். அதுவரைக்கும், கால் வைக்கற இடத்தைப் பார்த்து வைங்க பாஸ்!